மெல்லிய கரிப்படலமும் மூன்று பவுன் வரியும்: வட நேட்டாலில் ஒரு நிகழ்வு ஆய்வு

1913 அக்டோபர் நடுவில், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தின் வட கோடியில் நியூகாசிலைச் சுற்றியிருந்த நிலக்கரிச் சுரங்கங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மாதம் முடிவதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் காம்பவுண்டுகளை, அதாவது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளை, விட்டு வெளியே வந்துவிட்டார்கள். நவம்பரில் வேலைநிறுத்தம் கடற்கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. கூலி ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத இந்தியர்கள் மேல் ஆண்டுதோறும் விழுந்த மூன்று பவுன் வரி அடுத்த ஆண்டே ஒழிந்தது.

இந்தக் கதையை எல்லோரும் காந்தியிலிருந்து ஆரம்பிப்பார்கள். தமிழ்நாட்டில் என்றால் தில்லையாடி வள்ளியம்மையிலிருந்து. இரண்டும் சரிதான். ஆனால் நேட்டாலின் இந்தியத் தொழிலாளர்கள் மிக அதிகமாக இருந்தது கரும்பில், டர்பனைச் சுற்றிய கடற்கரையில். அப்படியிருக்க நெருப்பு முதலில் பற்றியது ஏன் நிலக்கரியில்? இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி அதுதான். பதிலின் ஒரு பாதி அரசியல். அது நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. மறுபாதி அந்த மண்ணுக்குக் கீழே அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அதைப் பற்றித் தமிழில் யாரும் பெரிதாகப் பேசி நான் பார்த்ததில்லை.

நான் நெய்வேலிப் பக்கம் வளர்ந்தவன். நிலக்கரி என்றால் எனக்குத் திறந்தவெளிச் சுரங்கம், ராட்சத வெட்டு இயந்திரம், பழுப்பு நிறம், ஓயாமல் இறைக்கப்படும் நிலத்தடி நீர். வேலைக்காக இந்த வட்டாரத்துக்கு வந்த பிறகுதான் கறுப்புக் கரியைப் பாறைக்கு நடுவே, அதன் இடத்திலேயே பார்த்தேன். நெய்வேலிப் பழுப்புக்கரி இதைவிடப் பல கோடி ஆண்டுகள் இளையது. இரண்டுக்கும் பெயரில்தான் உறவு. எடுக்கும் விதத்திலும், எடுப்பவன் உடம்பு படும் பாட்டிலும் இல்லை.

அடியிலிருந்து மேலே

இங்குள்ள அடுக்குகள் பெரும்பாலும் கிடையாகவே இருக்கின்றன. மடிப்பு, முறுக்கு எதுவும் அதிகம் இல்லை. கற்றுக்கொள்பவனுக்கு இது பெரிய வசதி: மலை ஏறினால் இளைய பாறை, பள்ளத்தாக்கில் இறங்கினால் பழைய பாறை.

எல்லாவற்றுக்கும் அடியில் பழைய உருமாறிய பாறைகளும் கிரானைட்டும். அதன் மேல் ட்வைக்கா. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் தென் துருவத்தை ஒட்டி, பனிப்பாளத்துக்கு அடியில் இருந்தது. பனி அரைத்துக் கொண்டுவந்த களிமண்ணும், அதில் ஒழுங்கில்லாமல் புதைந்த சின்னதும் பெரியதுமான கற்களும் இறுகியதுதான் ட்வைக்கா பாறை. இது பனி போட்ட படிவு என்று 1870இல் எழுதியவர் நேட்டாலின் தலைமை நில அளவையாளராக இருந்த சதர்லாந்து. அதற்கு முன் ஆர்க்டிக் கப்பல் பயணங்களில் போய் உண்மையான பனிக்கட்டியைப் பார்த்தவர் அவர். வெயில் காயும் ஆப்பிரிக்காவில் பனியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் 1856லேயே ஒரிசாவின் தால்ச்சரில் இதே மாதிரி கற்கள் கலந்த படிவைப் பார்த்து, இதுவும் பனியின் வேலையாகத்தான் இருக்கும் என்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாடும் கோண்டுவானா என்ற ஒரே பழைய பெருநிலத்தின் துண்டுகள் என்பதை உலகம் ஏற்க இன்னும் நெடுங்காலம் ஆனது. தென்னாப்பிரிக்க நிலவியலாளர் அலெக்சாண்டர் டு டாய் 1920களிலும் 1930களிலும் அதற்காக மல்லுக்கட்டினார்.

பனி உருகியது, தாழ்ந்த நிலத்தில் நீர் நிரம்பியது. அதன் அடியில் படிந்த சேறு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஷேல். கறுத்த, மெல்லிய ஏடுகளாக உதிரும் பாறை. தெற்கே நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனாக இருப்பது வடக்கே வர வர மெலிகிறது. இதைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

அதற்கு மேல்தான் நம் கதைநாயகன், ஃப்ரைஹைட் அடுக்குத்தொகுதி. மணற்கல், வண்டல்கல், ஷேல், நடுநடுவே நிலக்கரி. பெர்மியன் காலத்தது, அதாவது ஏறத்தாழ 30 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. மொத்தத் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். அதிகபட்சம் ஐந்நூறு மீட்டர் அளவுக்குப் போகும். அதற்கும் மேலே ஃபோல்க்ஸ்ரஸ்ட் ஷேல், இன்னும் உயரத்தில் போஃபர்ட் தொகுதி.

ஃப்ரைஹைட் தொகுதியை ஒரு சாலை வெட்டில் கீழிருந்து மேலாகக் கவனமாகப் பார்த்தால் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருவது தெரியும். அடியில் கறுத்த ஷேல். கொஞ்சம் மேலே மணலும் சேறும் மாறி மாறி வரும் மெல்லிய ஏடுகள். அவற்றில் சின்னச் சின்ன அலைவரிகள், புழு துளைத்த தடங்கள். பிறகு மணல் மேலும் மேலும் கனத்து, பருமணல் மணற்கல்லாகிறது. அதன் தலையில் கரி. கரிக்கு மேல் மறுபடி ஷேல், மறுபடி அதே வரிசை. ஆழமில்லாத நீர்ப்பரப்புக்குள் ஆறு ஒன்று கழிமுகத்தைத் தள்ளிக்கொண்டு முன்னேறியிருக்கிறது என்று பொருள். முதலில் தூரத்துச் சேறு வரும், ஆறு நெருங்க நெருங்க மணல் வரும். கடைசியில் மணல்மேடு நீருக்கு மேல் தலைநீட்ட, அதன் மேல் சதுப்புக்காடு. நிலம் அமிழ்ந்தால், அல்லது ஆறு வேறு பக்கம் திரும்பினால், காடு மூழ்கி அதன் மேல் மறுபடி சேறு படியும். மெல்லிய படலம் என்றால் அந்தக் காடு அதிக காலம் தாக்குப்பிடிக்கவில்லை. அல்லது அடிக்கடி வெள்ளம் வந்து சேற்றைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது.

அந்தக் காட்டின் முக்கிய மரம் குளோசாப்டெரிஸ். நாக்கு வடிவ இலை, நடுவில் தடித்த நரம்பு, இரண்டு பக்கமும் வலைப்பின்னல். ஷேலைப் பிளக்கும்போது இந்த இலை பதிந்த ஏடு கிடைத்தால் இங்குள்ள பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். குளிர்ப்பிரதேச மரம், குளிர்காலத்தில் இலை உதிர்த்தது. பெர்மியனுக்கு முந்தைய கார்பானிஃபெரஸ் காலத்து ஐரோப்பிய நிலக்கரி வெப்பச் சதுப்பில் பிறந்தது; இது பனி விலகிய குளிர் நிலத்தில் பிறந்தது. ஜாரியா, ராணிகஞ்ச், தெலங்கானாவின் சிங்கரேணி கரியும் இதே குளோசாப்டெரிஸ் காட்டைச் சேர்ந்ததுதான். மெட்ராஸில் கப்பலேறிய ஒருவர் கடல் கடந்து வந்து, தன் சொந்த நாட்டில் இருப்பதைப் போன்ற கரியையே இங்கே வெட்டியிருக்கிறார். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முதலாளிக்கும்தான்.

ஒரு பக்கத் தகவல். 1912 நவம்பரில் அண்டார்டிகாவில் ராபர்ட் ஸ்காட்டின் குழுவினர் உடல்கள் கண்டெடுக்கப்பட்டபோது, அவர்கள் கடைசிவரை இழுத்து வந்த கற்களும் கூடவே கிடைத்தன. அவற்றில் குளோசாப்டெரிஸ் இலைப்பதிவுகள் இருந்தன. நியூகாசில் வேலைநிறுத்தத்துக்கு ஒரு வருடம் கூட முந்தி இல்லை. கோண்டுவானா கதையின் இரண்டு துண்டுகள் அந்த ஆண்டுகளில் ஒன்றையொன்று அறியாமலே மேலே வந்திருக்கின்றன.

கரியும் டோலரைட்டும்

படிவு அதோடு நிம்மதியாக விடப்பட்டிருந்தால் வட நேட்டால் சாதாரணமான, கொஞ்சம் சுமாரான நிலக்கரி வயலாக இருந்திருக்கும். ஏறத்தாழ 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா உடையத் தொடங்கியபோது அடியிலிருந்து எரிமலைக் குழம்பு கிளம்பியது. வெளியே கொட்டியது டிராக்கன்ஸ்பர்க் மலை உச்சிகளின் பசால்ட் ஆனது. வெளியே வர முடியாமல் அடுக்குகளுக்குள் புகுந்து உறைந்தது டோலரைட். செங்குத்துச் சுவராக அடுக்குகளை வெட்டிக்கொண்டு நிற்பது டைக். அடுக்குக்கு இணையாகத் தகடு போலப் படுத்திருப்பது சில். இந்த வட்டாரத்தின் தட்டைத்தலை மலைகள் பல நிற்பதற்கே டோலரைட்தான் காரணம். மென்மையான ஷேல் அரிந்து போகும்போது இது அசையாது.

கரிக்கு இதனால் மூன்று விளைவுகள்.

முதலாவது நல்லது. சூடு கரியின் தரத்தை ஏற்றியது. ஆவியாகும் பொருள் குறைந்து, வெப்பம் அதிகம் தரும் கரியாகவும், சில இடங்களில் இரும்பு உருக்க உதவும் கோக் செய்யத் தகுந்த கரியாகவும், சில இடங்களில் ஆந்த்ரசைட் என்ற கெட்டியான உயர்தரக் கரியாகவும் மாறியது. நேட்டால் கரிக்குக் கப்பல்காரர்களிடம் பெயர் கிடைத்தது இதனால்தான்.

இரண்டாவது கெட்டது. டோலரைட் நெருங்கிய இடத்தில் கரி வெந்தே போயிற்று. ‘எரிந்த கரி’ என்பார்கள். அதை விற்க முடியாது. சில் ஒன்று அடுக்குகளுக்கு இணையாகப் போய்க்கொண்டே திடீரென்று வெட்டி வேறு மட்டத்துக்குத் தாவினால், அதன் தடிமன் அளவுக்குக் கரிப்படலமும் இடம் மாறிவிடும். சீட்டுக்கட்டின் நடுவில் பாதி தூரத்துக்கு மட்டும் ஒரு தடித்த அட்டையைச் செருகினால் மேலே உள்ள சீட்டுகள் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும் அல்லவா, அப்படி. கரியைத் தொடர்ந்து வெட்டிக்கொண்டே போகிறவர் முன்னால் திடீரென்று கருங்கல் சுவர். கரி எங்கே போயிற்று? பத்து மீட்டர் மேலேயா, முப்பது மீட்டர் கீழேயா?

சுரங்கம் ஒன்றில் நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பக்கத்து ஊரான டண்டியில் இருக்கிறார். கிர்மிட்டில், அதாவது கூலி ஒப்பந்தத்தில், வந்தவரின் கொள்ளுப்பேரன். வீட்டில் அம்மா பேசிய தமிழ் மட்டும்தான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேச்சில் ஒரு தெம்பு. பழைய வரைபட நகல் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, சிவப்புக் கோடுகளைக் காட்டினார். “தம்பி, கரி எங்கே இருக்குன்னு யாரும் சொல்லிடுவான். டைக் எங்கே இருக்குன்னு முன்னாடியே சொல்றவன்தான் சர்வேயர்.” நான் கேட்டேன்: “அண்ணா, தெரியாமல் போய் முட்டிக்கொண்டால்?” “முட்டினா கம்பெனிக்கு நஷ்டம். முட்டாமப் பக்கத்துல போனா நமக்கு நஷ்டம். கேஸ் அங்கேதான் நிக்கும்.”

அதுதான் மூன்றாவது விளைவு. வெந்த கரி மீத்தேன் என்ற தீப்பற்றும் வாயுவை உருவாக்குகிறது. டோலரைட் சுவர்களும் தகடுகளும் அது வெளியேறாமல் அடைத்து வைக்கின்றன. நேட்டால் சுரங்கங்கள் வாயு நிறைந்தவை என்று ஆரம்பத்திலிருந்தே அறியப்பட்டவை. 1926இல் டான்ஹவுசர் அருகே டர்பன் நேவிகேஷன் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 120க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஃப்ரைஹைட் பக்கம் ஹ்லோபானேயில் 1944இல் 57 பேர். அதே இடத்தில் 1983 செப்டம்பரில் 68 பேர். ஒவ்வொரு வெடிப்புக்கும் காற்றோட்டம், தீப்பொறி, மேற்பார்வை என்று தனித்தனிக் காரணம் உண்டு. அடியில் இருந்த வாயு மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

குனிந்து வெட்டும் கரி

நியூகாசில், டண்டி, டான்ஹவுசர் அடங்கிய கிளிப் ரிவர் வயலில் வெட்டத் தகுந்த படலங்கள் முக்கியமாக இரண்டு: மேல் படலம், கீழ் படலம். கிழக்கே உட்ரெக்ட், ஃப்ரைஹைட் பக்கம் ஆல்ஃபிரட், கஸ், டண்டாஸ், கோக்கிங் என்று பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பெயர் என்னவானாலும் தடிமன் கம்மி. பல இடங்களில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர். ஆள் நிமிர முடியாது. இன்றைய ம்புமலாங்கா மாகாணத்தின் விட்பேங்க் வயலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்: அங்கே இரண்டாம் எண் படலம் ஆறு மீட்டர் அளவுக்குத் தடிமன். கை நீட்டினாலும் கூரை எட்டாது.

ஒரு டன் கரிக்கு எவ்வளவு கூலி ஆகும் என்பதைத் தீர்மானிப்பது முதலில் இந்தத் தடிமன்தான். மெல்லிய படலத்தில் ஒரே அளவு கரிக்கு அதிக தூரம் தோண்ட வேண்டும், அதிக தூரம் தள்ளுவண்டி இழுக்க வேண்டும். கரியோடு கூரை ஷேலும் கலந்து விழும். வெளியே வந்த பிறகு கையால் பொறுக்கிப் பிரிக்க வேண்டும். டைக் குறுக்கிட்டால் கருங்கல்லைக் குடைந்து தாண்ட வேண்டும், அந்த வேலைக்கு வருமானம் பூஜ்யம்.

அப்போதைய முறை, கரியைச் சதுரம் சதுரமாகத் தூண்களாக விட்டு நடுவே பாதைகளை வெட்டிக்கொண்டு போவது. படலங்கள் கிடையாக இருந்ததால் மலைச்சரிவில் கரி தெரியும் இடத்திலேயே வாயைத் திறந்து நேராக உள்ளே போய்விடலாம்; பெரிய கிணறு வேண்டியதில்லை. அதனால் குறைந்த முதலீட்டில் சின்னச் சின்னச் சுரங்கங்கள் பல முளைத்தன. முதலீடு கம்மி, ஆள் அதிகம். இந்தக் கணக்கு நம் கேள்விக்கு மிக அருகில் வருகிறது.

1880களின் முடிவில் டர்பனிலிருந்து உள்நாட்டுக்கு ஏறிய ரயில் பாதை இந்த வயல்களைத் தொட்டது. 1890இல் நியூகாசில், அடுத்த ஆண்டு, வடக்கே அடுத்திருந்த டிரான்ஸ்வாலின் எல்லையிலிருந்த சார்லஸ்டவுன். வாங்குபவர்கள் ரயில்வேயும், டர்பன் துறைமுகத்தில் கரி நிரப்பிய நீராவிக் கப்பல்களும். விட்பேங்க் கரி சுரங்க வாயிலிலேயே மலிவு. நேட்டால் முதலாளிகளிடம் இருந்த பலம் இரண்டு: கரியின் தரம், மலிவான கை. தரத்தை டோலரைட் கொடுத்துவிட்டது. மலிவான கைக்குச் சட்டம் தேவைப்பட்டது.

சட்டம் என்ன செய்தது

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து முதல் தொகுதி ஆட்களோடு டர்பனுக்கு வந்தது. 1911இல் ஆள் அனுப்புவது நிற்கும்வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். கூலி முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். ஒப்பந்தம் முடிந்தவர் நேட்டாலிலேயே நிலம் பிடித்துக் காய்கறி போட்டார், கடை வைத்தார். வெள்ளையர்களுக்கு அது பிடிக்கவில்லை.

1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் அதற்கு வழி கண்டது. ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பு, அல்லது மறுபடி ஒப்பந்தம் போடு. இரண்டும் இல்லையென்றால் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்டு. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங், அதாவது தொடக்கக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். பிறகு 16 வயது ஆன பையன்களுக்கும் 13 வயது ஆன பெண்பிள்ளைகளுக்கும் அது நீண்டது. வீட்டில் நான்கு பேர் என்றால் 12 பவுன். கட்ட முடியாதவர் மறுபடி கைநாட்டுப் போட்டுத் திரும்ப உள்ளே போனார். வரி வசூலைவிட இந்த மறு ஒப்பந்தம்தான் அந்தச் சட்டத்தின் உண்மையான வருமானம் என்பது என் கணிப்பு.

எல்லாவற்றையும் பாறை தலையில் கட்டப் பார்க்கவில்லை. கரும்பு முதலாளிகளுக்கும் இதே வரி இதே பயனைத் தந்தது. அங்கே மெல்லிய படலமும் இல்லை, டோலரைட்டும் இல்லை. ஆனால் சுரங்கத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கூடின. ஆட்கள் சிதறிய தோட்டங்களில் இல்லாமல், ஒரே நிலக்கரிப் படுகையின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி அடுத்தடுத்த காம்பவுண்டுகளில் இருந்தார்கள். ஒரு சுரங்கத்துச் செய்தி அன்று சாயங்காலமே அடுத்த சுரங்கத்துக்குப் போய்விடும். அந்தப் படுகை தற்செயலாக டிரான்ஸ்வால் எல்லைக்கு நடந்தே போகும் தூரத்தில் இருந்தது. அப்புறம், கரும்பு ஒரு வாரம் நின்றால் முதலாளிக்கு மட்டும் நஷ்டம். கரி நின்றால் ரயிலும் கப்பலும் நிற்கும்.

அக்டோபர் 1913

1912 இறுதியில் இந்தியாவிலிருந்து காங்கிரஸ் தலைவர் கோபால கிருஷ்ண கோகலே வந்து போனார். வரியை எடுத்துவிடுவதாக மந்திரிகள் வாக்குத் தந்ததாக அவர் நம்பினார். வரி எடுக்கப்படவில்லை. 1913 மார்ச்சில் கேப் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்கள் சட்டப்படி செல்லாது என்ற அளவுக்குத் தீர்ப்புச் சொன்னார். பெண்கள் களத்தில் இறங்கியது அதன் பிறகு.

டிரான்ஸ்வாலிலிருந்து 11 பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், கைதாவதற்கென்றே எல்லை தாண்டிப் பார்த்தார்கள். அனுமதியில்லாமல் மாகாண எல்லை தாண்டுவது அன்று இந்தியர்களுக்குக் குற்றம். போலீஸ் பிடிக்கவில்லை. அவர்கள் காந்தியின் சகாவான தம்பி நாயுடுவோடு நியூகாசிலுக்கு வந்தார்கள். சுரங்கக் குடியிருப்புகளில் போய், வரி ஒழியும்வரை வேலைக்கு இறங்காதீர்கள் என்று பேசினார்கள். எந்த மொழியில் பேசியிருப்பார்கள் என்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காந்தி எதிர்பார்த்ததைவிட வேகமாக ஆட்கள் வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகுதான் போலீஸ் அந்தப் பெண்களைக் கைது செய்தது. மூன்று மாதக் கடுங்காவல், பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறை.

நியூகாசிலில் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவரின் வீடுதான் சத்திரமானது. வேலையை விட்டவர்களுக்குக் காம்பவுண்டில் தண்ணீர், விளக்கு, சாப்பாடு எதுவும் இல்லை என்றானதும், அவர்கள் மூட்டை முடிச்சோடு, குழந்தை குட்டிகளோடு ஊருக்குள் வந்தார்கள். இத்தனை பேரை அங்கேயே வைத்துச் சோறு போட முடியாது. நடத்தி அழைத்துப் போய் எல்லை தாண்டிக் கைதாவது என்று முடிவானது. அக்டோபர் 28 அன்று நடை புறப்பட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை.

நியூகாசிலிலிருந்து சார்லஸ்டவுன் ஏறத்தாழ 36 மைல். நியூகாசில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர். எல்லைக்கு அப்பால் ஃபோல்க்ஸ்ரஸ்ட் சுமார் 1,650 மீட்டர். அடுக்குகள் கிடையாக இருப்பதால் இந்த ஏற்றம் நிலவியலிலும் ஏற்றம்தான். ஃப்ரைஹைட் தொகுதியின் மணற்கல்லிலும் கரியிலும் தொடங்கியவர்கள், லேங்ஸ் நெக் கணவாயைத் தாண்டி, அதற்கு மேலிருக்கும் ஷேல் அடுக்கில் போய்ச் சேர்ந்தார்கள். சதுப்புக்காடுகளை நீர் ஒரேயடியாக மூடிய பிறகு படிந்த சேறு அது. எல்லை ஊரின் பெயரையே நிலவியலாளர்கள் அதற்குச் சூட்டியிருக்கிறார்கள்: ஃபோல்க்ஸ்ரஸ்ட் அடுக்குத்தொகுதி. இன்று என்11 நெடுஞ்சாலை ஏறக்குறைய அதே திசையில்தான் ஏறுகிறது. வண்டியை ஓரம் கட்டிப் பார்ப்பவருக்கு வெட்டுகளில் பழுப்பு மணற்கல், அதன் குறுக்கே துருப்பிடித்த மாதிரி உருண்டை உருண்டையாக உதிரும் டோலரைட், மேலே போகப் போகக் கறுத்த ஷேல் எல்லாம் தெரியும். லாரிகள் பறக்கும் சாலை. பின்னால் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

நவம்பர் 6 அன்று 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் எல்லையைத் தாண்டினார்கள். நான்கு நாள் கழித்து டிரான்ஸ்வாலின் பால்ஃபரில் அவர்களை மூன்று தனி ரயில்களில் ஏற்றி நேட்டாலுக்கே திருப்பி அனுப்பியது அரசாங்கம்.

அடுத்து அரசாங்கம் செய்தது எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகக் கூர்மையான இடம். இத்தனை பேரை அடைக்கச் சிறை இல்லை. கரியும் வெட்டியாக வேண்டும். எனவே சுரங்கக் காம்பவுண்டுகளையே டண்டி, நியூகாசில் சிறைகளின் கிளைகளாக அறிவித்தார்கள். சுரங்க மேஸ்திரிகள் சிறைக் காவலர்களானார்கள். கரி வெட்டுவதே தண்டனை. கூலி கூடக் கொடுக்க வேண்டாம். உள்ளே இறங்க மறுத்தவர்களை அடித்ததாகப் புகார்கள் எழுந்தன. மெல்லிய படலத்தின் செலவுக் கணக்கை ஒரு சட்டம் எவ்வளவு தூரம் இறக்கலாம் என்பதற்கு இதைவிடக் கீழான மட்டம் இருக்க முடியாது. செய்தி இந்தியாவுக்குப் போனது. அதே நவம்பரில் சென்னையில் பேசிய வைஸ்ராய் ஹார்டிங், தென்னாப்பிரிக்க அரசைப் பகிரங்கமாகக் கண்டித்தார். ஒரு வைஸ்ராய் இன்னொரு பிரிட்டிஷ் ஆட்சியைப் பற்றி அப்படிப் பேசுவது வழக்கமில்லை. டிசம்பரில் சாலமன் விசாரணைக் குழு அமைந்தது. வரியை எடுக்கச் சொல்லி அது பரிந்துரைத்தது. 1914 இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியையும் அதன் பழைய பாக்கியையும் சேர்த்தே நீக்கியது.

பிறகு

வரி போன பின் மறு ஒப்பந்தத்துக்கான நெருக்குதலும் போயிற்று. புதிய ஆட்கள் வருவது 1911லேயே நின்றுவிட்டது. சுரங்கங்களில் இந்தியர் எண்ணிக்கை மெல்லக் குறைந்தது. அந்த மெல்லிய படலங்களைக் குனிந்து வெட்டும் வேலை இன்னும் அதிகமாக ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் தலையில் விழுந்தது. அவர்களைக் கட்டிப்போட்டது வேறு சட்டங்கள், வேறு தலைவரிகள். 1926லும் 1983லும் இறந்தவர்கள் பட்டியலில் பெரும்பாலும் அவர்கள்தான். வேலைநிறுத்தத்தின் வெற்றியைக் கொண்டாடும் நம் கட்டுரைகள் இந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

படுகையின் பெரிய சுரங்கங்கள் இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒவ்வொன்றாக மூடின. எடுக்க எளிதான கரி தீர்ந்தது. மிச்சம் இருப்பது டோலரைட்டால் துண்டாடப்பட்ட சின்னத் துண்டுகள். விட்பேங்கில் பெரிய இயந்திரம் இறங்கும். ஒன்றரை மீட்டர் படலத்தில் அது இறங்காது. டண்டிக்கு வெளியே டலானா அருங்காட்சியகத்தில் பழைய சுரங்கக் கருவிகளையும் விளக்குகளையும் பார்க்கலாம். 1899இல் தொடங்கிய ஆங்கிலேய–போயர் போரின் முதல் பெரிய சண்டை நடந்த இடம் அது, கூட்டம் பெரும்பாலும் அதற்காகத்தான் வரும்.

மூடிய சுரங்கங்கள் சும்மா இருப்பதில்லை. கரியிலும் ஷேலிலும் உள்ள பைரைட் என்ற, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமத்தில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உருவாகிறது. பழைய வாய்களிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒழுகும் ஓடைகளை இங்கே பார்க்கலாம். மேற்பரப்புக்கு அருகில் வெட்டிய இடங்களில் தூண்கள் நொறுங்கி நிலம் குழிவாக இறங்குகிறது. சில இடங்களில் விட்டுவந்த கரி உள்ளேயே புகைகிறது. மலைச்சரிவில் வாய் திறந்து நேராக உள்ளே போனதால் வந்த வினை: அன்று மலிவாக இருந்த அதே ஆழமின்மை.

அளவையாளர் அண்ணாவிடம் கடைசியாகக் கேட்டது இதைத்தான்: இந்தப் பக்கம் நிலம் வாங்கி வீடு கட்டுபவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? “மண்ணைப் பார்க்காதே, மேப்பைப் பாரு. அடியில யார் எவ்வளவு தூரம் வெட்டிட்டுப் போனான்னு முதல்ல கேளு. பழைய கம்பெனி மேப்ல தூண் போட்டிருப்பான்; போகும்போது அதையும் வெட்டித் தின்னுட்டுப் போயிருப்பான், அது மேப்ல இருக்காது.” பின்வாங்கும்போது தூண்களையும் வெட்டி எடுப்பது எல்லா நிலக்கரி வயலிலும் தெரிந்த வழக்கம்தான். அதனால் வரைபடத்தோடு நிற்காமல், சந்தேகமுள்ள மனையில் துளையிட்டுப் பார்ப்பதே நல்லது. துளை கரிப்படலத்தின் மட்டத்தைத் தாண்டும்வரை போக வேண்டும். பாதியில் கெட்டியான மணற்கல் வந்துவிட்டது என்று நிறுத்திவிட்டால் அதற்குக் கீழே இருப்பது கரியா, வெற்றிடமா என்று தெரியாது.